மழுங்கின செயினை வைத்துக்கொண்டு மரம் அறுக்காதீர்கள்

பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் மலைச் சரிவில் டுரியான், ஜாதிக்காய், ரம்புத்தான் வைத்திருப்பவர்களில் செயின்சா இல்லாதவர்கள் குறைவு. பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கம் செம்பனை ஓரத்தில் குடியிருப்பவர்களிடமும் ஒன்று இருக்கும். டுரியான் விழும் பருவத்துக்கு முன்னால் பட்டுப்போன கிளையை அகற்ற, காற்றடித்த பிறகு பாதையை மறித்த மரத்தைத் துண்டு போட, வேலியோரத் தென்னையைச் சாய்க்க என்று வேலைக்குக் குறைவில்லை. வாங்கும்போது குதிரைசக்தி பார்க்கிறோம், பார் (செயின் சுற்றி ஓடும் நீளமான இரும்புத் தகடு) எவ்வளவு நீளம் என்று பார்க்கிறோம். வாங்கிய பிறகு பெட்ரோல் ஊற்றி இழுத்து ஸ்டார்ட் செய்வதோடு சரி. செயின் மழுங்கினால் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்து அறுக்கிறோம். காலில் தையல் போடும் கதை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் என்று பட்டியல் போடுவது வழக்கம். அவையும் வேண்டும், பின்னால் வருகிறேன். என் வரிசையில் முதலிடம் கூரான செயினுக்கு. கூரான செயின் தானாகவே மரத்துக்குள் இறங்கும். மெஷினின் எடையே போதும், கை வழிகாட்டினால் சரி. மழுங்கினதை அழுத்தித்தான் ஆக வேண்டும். அழுத்தும்போது உடம்பு மெஷின் மேல் சாய்கிறது, கை சீக்கிரம் அசந்துபோகிறது, கிளை அறுந்து விழும் நொடியில் அழுத்திய பலம் முழுக்க மெஷினை உங்கள் கால் பக்கம் இறக்கிவிடுகிறது. போதாததற்கு, மழுங்கின பல் மரத்தை வெட்டாமல் தேய்க்கிறது. பார் சூடேறி, செயின் நீண்டு, தளர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்று வருகிறது.

மழுங்கிவிட்டதா என்று பல்லைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை, கீழே விழுவதைப் பாருங்கள். பச்சை மரத்தில் சதுரமாக, தடிப்பாகச் சீவல் விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. நைஸான தூள் விழுந்தால் நிறுத்திவிடுங்கள். (வருஷக்கணக்கில் காய்ந்த கட்டையில் கூரான செயினும் பொடியாகத்தான் போடும், அங்கே மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.) வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைந்தால் இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் ஒரே நீளத்தில் இல்லை, அல்லது பாரின் ஒரு விளிம்பு தேய்ந்திருக்கிறது. எண்ணெய் சரியாக வந்தும் வெட்டில் புகை கிளம்பினால் அதுவும் மழுங்கலின் அடையாளம்தான்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை தீட்ட வேண்டும் என்று கேட்பார்கள். நேரக்கணக்கு இதில் செல்லாது. சுத்தமான டுரியான் கிளை என்றால் இரண்டு மூன்று டேங்க் பெட்ரோல் வரை தாங்கும். ரம்புத்தான், மங்குஸ்தான் கட்டை கடினம், அதற்கு முன்பே பார்க்க வேண்டும். கீழே கிடக்கும் கட்டையை அறுத்து முடிக்கும்போது செயின் ஒரே ஒரு நொடி மண்ணைத் தொட்டால் போதும், முழு செயினும் போய்விடும். மண்ணில் உள்ள மணல், இரும்புப் பல்லை அப்படியே சாப்பிட்டுவிடும். சரிவிலிருந்து இழுத்து வந்த கட்டையின் பட்டையில் சேறு ஒட்டியிருந்தால் பராங் கத்தியால் சுரண்டிவிட்டு அறுங்கள்.

அரம் பிடிப்பது

கடைக்குப் போகும் முன் மூன்று எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. பெரும்பாலும் பாரின் அடியில், மெஷினை ஒட்டிய இடத்தில் பொறித்திருக்கும். அழிந்துபோயிருந்தால் அளந்துவிடலாம். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் முதலிலிருந்து மூன்றாவது வரை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச். பாரின் பள்ளத்துக்குள் ஓடும் நாக்கின் தடிப்புதான் கேஜ், 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என்று வரும். அந்த நாக்குகளை ஒன்றொன்றாக எண்ணினால் டிரைவ் லிங்க். பிட்ச் 0.325 அங்குலச் செயினை 3/8 அங்குல ஸ்ப்ரொக்கெட்டில் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) மாட்டினால் ஓடுவதுபோலத் தெரியும், கொஞ்ச நேரத்தில் இரண்டையும் தின்றுவிடும்.

அரத்தின் அளவும் பிட்சைப் பொறுத்தது. சின்ன மெஷின்களில் வரும் 3/8 லோ-புரொஃபைலுக்கு (உயரம் குறைந்த செயின்) 4 மி.மீ. வட்ட அரம். 0.325-க்கு 4.8 மி.மீ. பெரிய 3/8-க்கு, செயின் எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்து, 5.2 அல்லது 5.5 மி.மீ. அளவு தவறினால் எவ்வளவு தேய்த்தாலும் பல்லின் வடிவம் வராது. சின்ன அரம் பல்லின் அடியைக் குடைந்து கூர்முனையைத் தகடாக்கிவிடும், அது கடினமான மரத்தில் உடனே மடங்கும். பெரிய அரம் முனையைப் பின்பக்கம் சரித்துவிடும், பல் மரத்தைப் பிடிக்காமல் வழுக்கும்.

எஞ்சினை அணைத்துவிட்டு, மெஷினை வைஸில் (மேசையில் பொருத்திய பிடிகருவி) பிடியுங்கள். தோட்டத்தில் இருந்தால் ஒரு கட்டையில் பார் நுழையும் அளவுக்குப் பள்ளம் வெட்டி அதில் பாரை நிறுத்தலாம். செயினைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிக்கொண்டால் பல் ஆடாது. செயின் பிரேக்கை, அதாவது முன்னால் இருக்கும் கைக்காப்பை, போட்டுவிட்டுத் தீட்டுங்கள்; அடுத்த பல்லுக்கு நகர்த்தும்போது மட்டும் பிரேக்கை விடுவித்துக் கையுறை போட்ட கையால் இழுங்கள். எல்லாவற்றையும்விடக் குட்டையாகத் தேய்ந்திருக்கும் பல்லைத் தேடி மார்க்கரால் குறி வையுங்கள். அதில்தான் தொடங்க வேண்டும். மற்ற எல்லாப் பற்களும் அதன் நீளத்துக்கு இறங்கி வர வேண்டும்.

பல்லின் மேல் தகட்டில் கம்பெனிக்காரர்கள் ஒரு சாய்வுக்கோடு போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 30 டிகிரி. அரத்தை அந்தக் கோட்டுக்கு இணையாகப் பிடியுங்கள். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். 4.8 மி.மீ. அரம் என்றால் ஏறக்குறைய 1 மி.மீ. கண்ணை மட்டும் நம்பாமல் அரத்தோடு பொருத்தும் சின்னத் தகட்டு கேஜ் ஒன்றை வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும்; முன்னும் பின்னும் உரசினால் அரத்தின் பல் போய்விடும், செயினுக்கும் பிரயோசனமில்லை. வழக்கமான தீட்டலுக்கு ஒரு பல்லுக்கு மூன்று முதல் ஐந்து தள்ளல். ஒரு பக்கப் பற்களை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் நன்றாக வரும், கைமாறின பக்கம் மேலோட்டமாகப் போய்விடும். வெட்டு வளைவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதாது, நீளம் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

வெளிச்சத்தில் பல்லின் முனையைப் பாருங்கள். முனையில் வெள்ளைக் கோடு மின்னினால் இன்னும் மழுங்கல் இருக்கிறது. கூரான விளிம்பில் வெளிச்சம் தங்காது. கல்லிலோ ஆணியிலோ பட்ட பல் என்றால் அடிபட்ட இடம் முழுக்கப் போகும் வரை தீட்ட வேண்டும், பாதியில் விடுவதில் அர்த்தமில்லை. கடையில் கிரைண்டரில் கொடுத்துத் தீட்டினால் வேகமாக முடியும். ஆனால் வாங்கும்போது பற்களைப் பாருங்கள். நீலம் பாரித்திருந்தால் அதிகச் சூட்டில் இரும்பின் பதம் கெட்டுவிட்டது, கூர் தங்காது.

பலரும் தொடவே தொடாத இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். ஒரு சுற்றுக்குப் பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவுசெய்வது அந்த மேடு. பல்லின் மேல்தகடு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், தீட்டத் தீட்டப் பல்லின் உயரம் குறையும். மேடு மட்டும் அப்படியே நிற்கும். கடைசியில் பல் கூராக இருந்தும் மேடு முந்திக்கொண்டு மரத்தில் உட்கார்ந்துவிடும், செயின் வெறுமனே உரசும். "நல்லாத்தான் தீட்டினேன், வெட்டவே மாட்டேங்குது" என்பவர்களின் செயினை எடுத்துப் பார்த்தால் அனேகமாக இதுதான் இருக்கும். மூன்று நான்கு தீட்டலுக்கு ஒரு முறை டெப்த் கேஜ் தகட்டை (மேட்டின் உயரத்தை அளக்கும் தகடு) வைத்துப் பாருங்கள். இந்த அளவுச் செயின்களுக்குப் பொதுவாக 0.65 மி.மீ. இடைவெளி. தகட்டுக்கு மேல் துருத்துவதைத் தட்டை அரத்தால் எடுத்துவிட்டு, மேட்டின் முன்முனையைப் பழையபடி உருட்டிவிடுங்கள்.

கண்மதிப்பில் மேட்டை இறக்காதீர்கள். "கொஞ்சம் இறக்கினால் வேகமாக வெட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. முதல் ஐந்து நிமிடம் உண்மைதான். பல் அளவுக்கு மேல் கடிப்பதால் மெஷின் அதிரும், திடீர் திடீரென்று மாட்டும், பார் முனை எகிறும் வாய்ப்பும் கூடும். கடினமான மரத்தில் இது இன்னும் மோசம்.

பல்லின் மேல்தகடு 4 மி.மீ. நீளத்துக்குத் தேய்ந்துவிட்டால், அல்லது பல்லில் தேய்மானக் கோடு போட்டிருந்தால் அதைத் தொட்டுவிட்டால், செயினைத் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பிறகு பல் முறிந்து தெறிக்கும்.

இறுக்கம், எண்ணெய், பார்

செயினின் இறுக்கத்தை ஆறின நிலையில் பார்க்க வேண்டும். பாரின் நட்டுகளைத் தளர்த்தி, முனையை மேலே தூக்கிப் பிடித்தபடி திருகாணியைத் திருப்புங்கள். தூக்காமல் இறுக்கினால் அறுக்கும்போது பார் மேலே நகர்ந்து செயின் தளர்ந்துவிடும். பாரின் அடிப்பக்கத்தில் செயின் தொங்கக்கூடாது, அதேசமயம் கையால் இழுத்தால் சுலபமாக ஓட வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் நாக்கு பள்ளத்தை விட்டு முழுசாக வெளியே வரக்கூடாது. புதுச் செயின் முதல் அரைமணி நேரத்தில் நிறைய நீளும், அடிக்கடி நிறுத்திப் பாருங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது சுருங்கும் செயின் கிராங்க் ஷாஃப்டையும் பேரிங்கையும் இழுத்துக் கெடுக்கும்.

பார் எண்ணெய்க்குப் பதிலாகப் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றுவது இங்கே சர்வசாதாரணம். அதில் உலோகத் துகள் கிடக்கும், எண்ணெய்ப் பம்பை அரிக்கும். செயினில் ஒட்டும் பிசுக்கும் அதில் இல்லை, பார் முனையில் திரும்பும்போதே பறந்துவிடும். பறந்து படிவது உங்கள் கையிலும் முகத்திலும் பழ மரத்தின் அடிமண்ணிலும்தான். பழைய எஞ்சின் எண்ணெய் தோலில் தொடர்ந்து படுவது புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது. சமையல் எண்ணெய் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அன்றைய வேலை ஓடிவிடும். இரண்டு வாரம் மெஷினை மூலையில் வைத்துவிட்டு எடுத்தால் பம்பிலும் செயின் மூட்டுகளிலும் பிசின் கட்டியிருக்கும்.

எண்ணெய் வருகிறதா என்று சோதிக்க, பார் முனையை ஓர் அட்டைக்கு 20 செ.மீ. மேலே பிடித்து முக்கால் வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது எண்ணெய்த் தொட்டியும் ஏறக்குறைய காலியாக வேண்டும். பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் பாரின் எண்ணெய்த் துளை அடைத்திருக்கிறது. ரப்பர் மரம், பலா மரம் அறுத்தவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். பால் காய்ந்து துளையையும் பள்ளத்தையும் மூடிவிடும்.

செயினைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தை மெல்லிய தகட்டால் வழித்து, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். அடிப்பக்கமே அதிகம் தேய்வதால் திருப்பினால் ஆயுள் கூடும். விளிம்பில் பிசிறு எழும்பியிருந்தால் தட்டை அரத்தால் எடுங்கள். ஒரு நேர்கோலைப் பாரின் பக்கவாட்டிலும் பல்லின் பக்கவாட்டிலும் சேர்த்து வைத்துப் பாருங்கள்: கோலுக்கும் பாருக்கும் இடையே சின்ன இடைவெளி இருந்தால் நல்லது, செயின் சாய்ந்து இடைவெளி மறைந்துவிட்டால் பாரின் பள்ளம் அகன்றுவிட்டது, மாற்ற வேண்டியதுதான். ஸ்ப்ரொக்கெட்டில் அரை மி.மீ. ஆழத்துக்குத் தடம் விழுந்தால் அதையும் மாற்றுங்கள். தேய்ந்த ஸ்ப்ரொக்கெட்டில் புதுச் செயின் போடுவது காசை எறிவது.

எஞ்சின் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலவை 50-க்கு 1 என்றால் 5 லிட்டர் ரோன் 95 பெட்ரோலுக்கு 100 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய். 25-க்கு 1 என்று கையேட்டில் போட்டிருந்தால் 200 மில்லி. பாதி பெட்ரோல், பிறகு எண்ணெய், குலுக்கல், மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல் என்ற வரிசையில் கலக்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைத்த கலவையை ஊற்றாதீர்கள். ஏர் ஃபில்டரை ஒவ்வொரு வேலை நாளும் தட்டி, அழுக்கேறினால் சோப்புத் தண்ணீரில் அலசி முழுசாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.5 மி.மீ.; முனை பழுப்புச் சாம்பல் நிறம் என்றால் சரி, கறுத்து எண்ணெய் வழிந்தால் ஃபில்டர் அடைப்பு அல்லது எண்ணெய் கூடுதல், வெளுத்துப்போயிருந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றவில்லை, ஓட்டாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். ஐடிலில், அதாவது வேகம் கொடுக்காமல் எஞ்சின் ஓடும்போது, செயின் சுற்றவே கூடாது. சுற்றினால் ஐடில் திருகாணியைக் குறையுங்கள். குறைத்தும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் போய்விட்டது. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் வற்றும் வரை ஓட்டி அணையுங்கள். நம் ஊர் ஈரத்தில் செயின் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். கழற்றி எண்ணெயில் போட்டு வைப்பது நல்லது.

பார் முனை

செயின்சா எகிறுவதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள், எங்கிருந்து எகிறுகிறது என்று பலருக்குத் தெரியாது. பாரின் முனையை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்துப் பாருங்கள். மேல்பாதியில் ஓடும் பல் கட்டையிலோ கிளையிலோ முட்டினால் மரத்துக்குள் நுழைய முடியாமல் பாரையே மேலேயும் பின்னாலேயும் எறிகிறது, நேராக உங்கள் முகத்தை நோக்கி. முழு வேகத்தில் செயின் வினாடிக்கு 20 மீட்டருக்குமேல் ஓடுகிறது. கண்டுபிடித்துக் கையை எடுக்க நேரம் கிடைக்காது. அதனால் அறுக்கும்போது கண் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்: வெட்டுமிடம் ஒன்று, முனை எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. கீழே கிடக்கும் மரத்தை அறுக்கும்போது வெட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு கிளையில்தான் முனை முட்டும்.

இடதுகைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி அடியில் பூட்டியிருக்க வேண்டும். மேலே தூக்கி வைத்தால் எகிறும்போது பிடி நழுவும். இடது முழங்கை மடங்காமல் இருக்கட்டும். வெட்டுக் கோட்டுக்கு நேர் பின்னால் தலையை வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கம் விலகி நில்லுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பது, ஏணியில் ஏறி அறுப்பது, ஒற்றைக் கையால் பிடிப்பது மூன்றும் கிடையாது. டுரியான் மரத்தின் உயரக் கிளை என்றால் கயிறும் ஆளும் உள்ள மரமேறிகளைக் கூப்பிடுங்கள்.

முன்னால் இருக்கும் கைக்காப்புதான் செயின் பிரேக். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் எஞ்சினைச் சூடாக்கி, முழு வேகம் கொடுத்து, பிடியை விடாமல் இடது மணிக்கட்டால் காப்பை முன்னே தள்ளுங்கள். செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். இழுத்து இழுத்து நின்றால் பிரேக் பட்டையில் தூளும் பிசினும் அடைத்திருக்கும், இல்லையென்றால் தேய்ந்திருக்கும். அந்த மெஷினை அன்று எடுக்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்வது தரையில் வைத்து: பிரேக் போட்டு, வலது பூட்ஸ் முனையைப் பின்கைப்பிடிக்குள் நுழைத்து மிதித்து, இடது கையால் முன்கைப்பிடியை அழுத்தி, வலது கையால் இழுக்க வேண்டும். ஒரு கையில் மெஷினைத் தொங்கவிட்டு மறுகையால் கயிற்றை இழுப்பது பார்க்க கெட்டிக்காரத்தனமாக இருக்கும், பார் எந்தப் பக்கம் ஆடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

இணையத்தில் விற்கும் ஆறு அங்குல பேட்டரிச் செயின்சாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றைக் கையால் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் செயின் பிரேக் கிடையாது. மறுகை கிளையைப் பிடிக்கத்தான் போகும், செயினும் கிளையோடு அந்தக் கைக்குத்தான் வரும். ரோஜாச் செடிக்கு கத்தரி போதும், அதைவிடத் தடித்ததற்கு நல்ல கைரம்பம் போதும் என்பது என் அபிப்பிராயம்.

விழுந்த மரம்

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் அடித்த மழைக்காற்றில் தீவு முழுக்க மரங்கள் சாய்ந்தன. அந்த மாதிரி சமயத்தில்தான் அனுபவமில்லாதவர்களும் செயின்சாவைக் கையில் எடுக்கிறார்கள். நிற்கும் மரத்தைவிட விழுந்த மரம் ஏமாற்றும். வளைந்து, மாட்டி, அழுந்திக் கிடக்கும் ஒவ்வொரு கிளைக்கும் அமுங்கும் பக்கம் ஒன்றும் இழுபடும் பக்கம் ஒன்றும் உண்டு. அறுக்கும் முன் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இரண்டு முனையும் எதன்மேலாவது தாங்கி நடுவில் தொய்ந்த கட்டைக்கு மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, மீதியை அடியிலிருந்து மேல்நோக்கி வெட்டி முடியுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் தொங்கினால் நேர்மாறு: முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. வரிசையை மாற்றினால் முதல் வகையில் பார் கவ்விக்கொள்ளும், இரண்டாவது வகையில் கட்டை நீளவாக்கில் பிளந்து அடிக்கும். பார் கவ்விக்கொண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் ஆப்பு அடித்து விடுவியுங்கள். எஞ்சின் ஓட இழுத்துப் பிடுங்காதீர்கள். பெரிய மரத்தின் கீழே வில்லாக வளைந்து மாட்டிய இளங்கிளையை ஒரே வெட்டில் அறுத்தால் முகத்தில் அடிக்கும். அதை உள்வளைவுப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, விசையை மெல்ல இறக்க வேண்டும்.

வேரோடு சாய்ந்த மரத்தில் அடிமரத்தை அறுத்ததும் வேர்த்தட்டு பழைய குழிக்கே திரும்பி விழலாம். குழிக்குள்ளும் வேருக்குப் பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது, குறிப்பாக வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள். பாலிக் புலாவ் சரிவுகளில் எப்போதும் மேட்டுப் பக்கம் நின்று அறுங்கள். அறுந்த துண்டு உருளும் திசையில் காலை வைக்க வேண்டியதில்லை. டுரியான் பிடிக்கக் கட்டிய வலையும் நைலான் கயிறும் இலைக்குள் மறைந்திருந்தால் செயின் அதைச் சுருட்டி ஸ்ப்ரொக்கெட்டுக்குள் இழுத்துவிடும். முதலில் கையால் அகற்றுங்கள். கெரெங்கா எறும்புக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடும் மெஷினைப் பிடித்த கையில் நான்கு கெரெங்கா ஏறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

தென்னையும் செம்பனையும் வேறு ரகம். வெளிப்பக்கம் கெட்டி, உள்ளே நார். செயின் சீக்கிரம் மழுங்கும், நார் கிளட்ச் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் பிரேக் வேலை செய்யாது, சூட்டில் நார் கருகவும் செய்யும்.

நிற்கும் மரத்தைச் சாய்ப்பது பற்றி அளவை மட்டும் சொல்கிறேன். விழும் பக்கத்தில் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு ஆழம் வரை வாய் வெட்டு (ஆப்பு வடிவத்தில் துண்டை எடுப்பது). பின்வெட்டு அதைவிட இரண்டு மூன்று செ.மீ. மேலே, இரண்டு வெட்டுக்கும் நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் விட்டால் அது கீல் போல மரத்தைத் திருப்பி இறக்கும். 30 செ.மீ. மரத்தில் அந்த விடுபாடு 3 செ.மீ. அதையும் அறுத்துத் தள்ளினால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் கூடாது. விழும் திசைக்கு எதிராக, குறுக்குச்சாய்வாகப் பின்வாங்கும் வழியை வெட்டுவதற்கு முன்பே துப்புரவு செய்து வையுங்கள். பாரைவிடத் தடித்த மரம், சாய்ந்து நிற்கும் மரம், உள்ளே உளுத்த மரம், வீட்டுக்கோ கம்பிக்கோ எட்டும் மரம் இவற்றைத் தொழில்செய்பவர்களிடம் விட்டுவிடுங்கள். மின்கம்பியில் சாய்ந்த கிளையைத் தொடவே வேண்டாம். மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குச் சொல்லுங்கள். சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட, நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976-ன்படி உள்ளூராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பட்டுப்போன, உடனடி ஆபத்தான மரங்களுக்கு விலக்கு உண்டு. தீவில் இருப்பவர்கள் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திடமும் பெருநிலத்தில் இருப்பவர்கள் செபராங் பிறை மாநகர் மன்றத்திடமும் முதலில் கேட்டுவிடுங்கள்.

உடுப்பு

கால்காப்பு வாங்கும்போது இஎன் ஐஎஸ்ஓ 11393 என்ற முத்திரையைப் பாருங்கள். வகுப்பு 1 என்றால் வினாடிக்கு 20 மீட்டர் வேகச் செயினுக்குச் சோதித்தது, வகுப்பு 2 என்றால் 24. துணி கிழிந்ததும் உள்ளே இருக்கும் நீள இழைகள் செயினோடு போய் ஸ்ப்ரொக்கெட்டைச் சுற்றி நிறுத்திவிடும். அதனால் ஒரு முறை வெட்டுப்பட்டதை தைத்துப் போட்டுக்கொள்வதில் பயனில்லை. முழுக் கால்சட்டை நம் வெயிலுக்குத் தாங்காது என்பவர்கள் முன்பக்கம் மட்டும் மறைத்துப் பட்டையால் கட்டும் வகையை வாங்கலாம், இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். மின்சார, பேட்டரி மெஷினில் மோட்டார் விசை விடாமல் இழுப்பதால் இந்த இழைகள் அதே அளவு காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

காதுக்குக் காப்பு கட்டாயம். தொழிலிடச் சத்தத்துக்கான மலேசியாவின் 2019 விதிமுறைகள் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் கால்மணி நேரம்தான். பெட்ரோல் செயின்சா காதருகே அதையும் தாண்டும். கண்ணுக்கு வலை முகமூடி, காலுக்கு இரும்பு முனை பூட்ஸ். ஸ்லிப்பர் போட்டுக்கொண்டு மரம் அறுப்பவர்களிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

தனியாகப் போகாதீர்கள். வெட்டுப்பட்டுவிட்டால் சுத்தமான துணியை வைத்து நேரடியாக, பலமாக, விடாமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் எடுக்காமல் அதன்மேல் இன்னொன்று. கை காலில் அழுத்தியும் ரத்தம் நிற்காமல் பீய்ச்சினால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வையுங்கள். விரலை நேராகப் பனிக்கட்டியில் போடக்கூடாது. 999-க்கு அழைக்கும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது, எந்தச் சாலையிலிருந்து எந்தக் கிளைப்பாதை என்று சொல்லி, அந்தப் பாதை முனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள். மோட்டார்சைக்கிள் மட்டுமே ஏறும் பாதை என்றால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.